அரை நூல் தள்ளி

மாப்பிள்ளை,

நேற்று மத்தியானம் உங்கள் பெரியவன் ஒரு ஜன்னல் கதவைக் குட்டியானை வண்டியில் போட்டுக்கொண்டு வந்து, மூலக்குளத்தில் என் மகன் வீட்டு வராந்தாவில் சாத்தி வைத்துவிட்டுப் போனான். உங்கள் முத்தியால்பேட்டை வீட்டை இடித்து மாடி வீடாகக் கட்டப் போகிறார்களாம். தேக்கு மரம், தூக்கிப் போட மனசு வரவில்லை, மாமா பார்த்துச் சொல்லுங்கள் என்றான். நான் என்ன பார்த்துச் சொல்வது? எனக்கு எழுந்து நின்றாலே முழங்கால் என்னைத் திட்டுகிறது. சரி, வைத்துவிட்டுப் போ என்றேன்.

மழை பெய்துகொண்டிருந்தது. நனைந்த பழைய தேக்கு, இரும்புத் துரு, நீங்கள் வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் பூசுவீர்களே அந்த ரெட் ஆக்சைடு, எல்லாம் சேர்ந்து ஒரு வாடை கிளம்பியது. அது மூக்கில் ஏறியதும்தான் எந்தக் கதவு என்று தெரிந்தது. நாலு மூலையிலும் இரும்புப் பட்டை வைத்து போல்ட் முடுக்கிய அந்தக் கதவு. நான் 'மில் ஜன்னல்' என்று பெயர் வைத்தேனே, அதுதான்.

நீங்கள் கண்ணை மூடி வருஷம் திரும்பப் போகிறது. இத்தனை நாள் உங்களை நினைக்காமல் இருந்தேன் என்று இல்லை. ஆனால் எழுதத் தோன்றியதில்லை. இந்த வயதில் எதைத் தொட்டாலும் அலுப்பாக இருக்கிறது. இன்று காலையில் இருந்து கை நிற்காமல் எழுதுகிறேன், எழுத்துத்தான் கோணல்மாணலாகப் போகிறது.

மில் கதவடைப்பு நடந்த வருஷம் உங்களுக்கு மறந்திருக்காது. எழுபதுகளின் கடைசி. காலையில் சங்கு ஊதாமல் முத்தியால்பேட்டையே மணி தெரியாமல் எழுந்திருந்தது. நீங்கள் தறிப் பகுதியில் ஃபிட்டர். தினமும் அதே நேரத்துக்கு எழுந்து, குளித்து, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, மில் வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருவீர்கள் என்று தங்கச்சி சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. வேறு எதுவும் கேட்கவும் இல்லை. எங்கள் வீட்டில் பெண் கொடுத்த இடத்தில் போய்க் குறையைக் கேட்கக் கூடாது, பெண் எடுத்தவர் பெண்ணின் பிறந்த வீட்டில் வந்து கை நீட்டக் கூடாது. இரண்டு பக்கமும் மரியாதை. மரியாதையை வைத்துக் குழம்பு வைக்க முடியுமா?

என் தச்சுப் பட்டறை அப்போது நன்றாகத்தான் ஓடியது. கடற்கரைப் பக்கத்து வீடுகளுக்கு ஜன்னல் கதவு செய்வதற்கென்றே என்னைத் தேடி வருவார்கள். அந்த உப்புக்காற்றில் ஆணி அடித்த கதவு நிற்காது. ஆணி துருப்பிடித்து ஊதும், மரம் அந்த இடத்தில் வெடிக்கும், இரண்டு மழைக்குள் சட்டம் கையோடு வந்துவிடும். அதனால் நான் ஆணியே தொடுவதில்லை. குறுக்குச் சட்டத்தின் முனையைக் கழுந்தாக வெட்டி, நெடுஞ்சட்டத்தில் குழி எடுத்துச் சொருகி, இரண்டையும் சேர்த்து ஒரு மூங்கில் முளை அடிப்பேன். அவ்வளவுதான் கட்டு.

உங்களை வேலைக்குக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. வீட்டு மாப்பிள்ளையை மச்சான்காரன் பட்டறையில் கூலிக்கு நிறுத்தினான் என்று ஊர் பேசாதா? ஒத்தாசைக்கு ஆள் இல்லை, கொஞ்ச நாளைக்கு வந்து கூட இருங்கள் என்று சுற்றி வளைத்துச் சொன்னேன். மறுநாளே வந்தீர்கள். வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து ஆணியில் மாட்டினீர்கள். மரப் பட்டறையில் அந்த ஒரு ஆணிதான் இருந்தது. உங்கள் இரும்பு ஸ்கேல், எலிவால் மாதிரி மெலிசாக இருக்கும் அந்த வட்ட அரம், இரண்டையும் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தீர்கள். இங்கே இரும்பு வேலை என்ன இருக்கிறது என்று கேட்டேன். இருக்கட்டும் மச்சான் என்றீர்கள்.

அதுதான் உங்கள் சொல். எதற்கும் அதுதான். குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் இருக்கட்டும். யாராவது காலை மிதித்தாலும் இருக்கட்டும். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அந்த ஐப்பசிக்கு முன்னால்தான் சொல்தா வீட்டு வேலை வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு திரும்பியவர்களை ஊரே சொல்தா என்றுதான் சொல்லும். அவர்களில் ஒருவர் கடலைப் பார்த்த வீட்டை வாங்கி, மாடிக்கு மொத்தமும் புதுக் கதவு போடச் சொன்னார். 'வோலே' என்பார். ஜன்னல் கதவு என்று அவர் வாயில் வராது. சரிவுப் பலகை வைத்த இரட்டைக் கதவு, எல்லாம் தேக்கு. அந்த வேலை நன்றாக அமைந்தால் அந்தத் தெரு முழுக்க எனக்குத்தான். கெட்டால் அந்தத் தெருவுக்குள் நான் தலையைக் காட்ட முடியாது. அப்போது என் பட்டறையை நம்பி என் வீடு மட்டும் இல்லை, உங்கள் வீடும் இருந்தது.

கழுந்து எல்லாம் வெட்டி, சொருகிப் பார்த்து, முளைக்குத் துளையும் போட்டு வைத்தேன். நெடுஞ்சட்டத்தில் ஒரு துளை, கழுந்தில் ஒரு துளை. இரண்டும் நேருக்கு நேர் வரக் கூடாது. கழுந்துத் துளை அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, கழுந்தின் அடிப்பக்கம் தள்ளி இருக்க வேண்டும். அப்போதுதான் முளை உள்ளே இறங்க இறங்கக் கழுந்தை இழுத்துக் குழிக்குள் இறுக்கும். துளை நேராக இருந்தால் முளை சும்மா உட்காரும், இழுக்காது. நுனிப்பக்கம் தள்ளிவிட்டாலோ வந்தது வினை, முளையே கழுந்தை வெளியே தள்ளிவிடும்.

இதை நான் உங்களுக்குச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? வேறு ஆளாக இருந்தால், டேய் இங்கே பார் என்று தலையில் தட்டிச் சொல்லியிருப்பேன். மாப்பிள்ளையிடம் இதைச் செய், அதைச் செய்யாதே என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. உங்களுக்கும் மச்சான் செய்ததில் குற்றம் கண்டு கேட்க நாக்கு எழாது. இப்படி இரண்டு பேரும் மரியாதை பார்த்துப் பார்த்தே அந்த வேலையைக் குட்டிச்சுவர் ஆக்கினோம்.

நான் கடலூருக்கு மரம் பார்க்கப் போனேன். மழை பிடித்துக்கொண்டது, அன்று திரும்ப முடியவில்லை. மறுநாள் வந்து பார்த்தால் எல்லாக் கதவும் முளை அடித்து, முனை சீவி, இழைத்து, சுவரோரம் வரிசையாக நிற்கிறது. மெய்யாகவே எனக்குச் சந்தோஷம். என் முதுகு வலிக்கு அந்த வேலை மிச்சமானது பெரிய விஷயம். கதவுகளைக் கொண்டுபோய் மாட்டினோம்.

கார்த்திகை அடைமழையில் சொல்தா வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகத் தொங்கின. மூலை விட்டு, கீழே உரசி, சாத்தவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் நின்றன. ஒன்று பிய்த்துக்கொண்டு தெருவிலேயே விழுந்தது. நல்ல வேளை, கீழே ஆள் இல்லை. அந்த மனுஷர் இரண்டு கதவைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டார். டீக்கடைக்காரன், பக்கத்துத் தையல்காரர், போகிறவர் வருகிறவர் எல்லாரும் கூடிவிட்டார்கள்.

நான் ஒரு கதவைக் கீழே போட்டு முளையைத் தட்டி எடுத்தேன். இழுத்துப் பிடித்த முளை வெளியே வந்தால் இடுப்பில் கொஞ்சம் வளைந்திருக்கும். இது அடித்த மாதிரியே நேராக வந்தது. கழுந்தை உருவினேன். துளை வட்டமாக இல்லை, அரத்தால் ராவி நீளமாக்கியிருந்தது. அந்தப் பட்டறையில் வட்ட அரம் வைத்திருந்தது ஒரே ஆள்தான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அத்தனை பேர் நடுவில் வீட்டு மாப்பிள்ளையை எப்படிக் காட்டிக் கொடுப்பது? நான் பேசாமல் நிற்பதைப் பார்த்துச் சொல்தா வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"என்னா மேஸ்திரி, உனக்குக் கண்ணு தெரியுதா இல்லியா? கண்ணு தெரியாத ஆளுகிட்டயா நான் வோலே குடுத்தேன்?"

கூட்டம் என் முகத்தையே பார்த்தது. நீங்கள் முன்னால் வந்தீர்கள்.

"அவரு கண்ணுக்கு ஒண்ணும் இல்ல மெசியே. அவரு சரியாத்தான் போட்டாரு. நான் மில்லுக்காரன், தொள நேரா இல்லன்னு நான்தான் அரத்தப் போட்டு நேராக்கிட்டேன்."

முதலில் டீக்கடைக்காரன் சிரித்தான். தையல்காரர் சிரித்தார். மில்லுக்காரன் ஜன்னலை மெஷினாக்கிவிட்டான் என்று யாரோ சொல்ல, கடைசியில் சொல்தாவும் சிரித்துவிட்டார். ஊரே சிரித்ததில் அவருடைய கோபம் போய்விட்டது. சட்டத்தை மட்டும் புதிதாகப் போட்டுக் கொடு, பலகை இருப்பதே போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். பட்டறை தப்பித்தது. உங்கள் மானம்தான் போனது. தலையைக் குனிந்தபடி சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனீர்கள்.

அப்புறம் சில நாள் நீங்கள் வரவில்லை. தங்கச்சியும் வரவில்லை. அவ்வளவுதான், இனிமேல் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இருக்காது என்று என் வீட்டுக்காரி அழுதாள். நானே கிளம்பி வரலாம் என்று இருந்தபோது நீங்கள் வந்து நின்றீர்கள். எப்படி விஷயத்தைப் பிடித்தீர்களோ, அரை நூல் கணக்கை நீங்களாகவே எனக்கு விளக்கினீர்கள். மில்லில் சக்கரத்தை இருசோடு இறுக்க ஆப்பு அடிப்பது இதே கணக்குத்தானாம். எனக்கு எரிச்சலும் வந்தது, சிரிப்பும் வந்தது. "அங்க ஒரு நூல் அறுந்தா தறி நிக்கும். இங்க அரை நூல் தள்ளுனாத்தான் ஜன்னல் நிக்குது, இல்ல மச்சான்?" என்றீர்கள். அன்று முதல் துளை போடும் வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். நீங்க கழுந்து வெட்டுங்க, தொளய நான் பாத்துக்கறேன் என்பீர்கள். புதிதாகக் கற்றவனுக்கு ஆசை, செய்யட்டும் என்று விட்டேன்.

பழைய சட்டங்களை விறகுக்குப் போடும்போது ஒரு கதவின் சட்டத்தை மட்டும் தனியாக எடுத்து, வேறு பலகை சொருகி வைத்துக்கொண்டீர்கள். தப்பு செய்த ஞாபகத்துக்கு வீட்டில் மாட்டப் போகிறேன் என்றீர்கள். அந்த மூலையைப் பிரித்துப் புதுமுளை அடித்துத் தருகிறேன் என்றதற்கு விடவில்லை. நீங்களே இரும்புப் பட்டை வெட்டி, நாலு மூலைக்கும் போல்ட் போட்டு முடுக்கினீர்கள். கதவு உங்கள் ஜன்னலைவிடப் பெரிது. கதவுக்காகச் சுவரையே இடித்துப் பெரிதாக்கினீர்கள். இப்படியும் ஒரு மனுஷன் உண்டா என்று நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

கண்ணாடி வந்ததும் அந்த வருஷம்தான். ஞாயிற்றுக்கிழமைக் கடைத்தெருவில் உங்களுக்கென்று வாங்கிய கறுப்பு ஃப்ரேம் கண்ணாடி சேரவில்லை, தலை சுற்றுகிறது, நீங்க போட்டுப் பாருங்க மச்சான் என்று என் மூக்கில் மாட்டினீர்கள். எனக்குச் சொல்லிவைத்த மாதிரி சேர்ந்தது. உளியின் முனை கூடத் தெளிவாகத் தெரிந்தது. அப்போதும் உங்களைத்தான் கேலி செய்தேன். கண் கோளாறு உங்களுக்கு, அதனால்தான் நேராக இருந்த துளையைக் கோணல் என்று நினைத்தீர்கள் என்றேன். இருக்கட்டும் மச்சான் என்றீர்கள்.

எண்பதுகளில் மில் திரும்பத் திறந்தார்கள். நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். போன பிறகும் வார லீவில் பட்டறைக்கு வந்து, அந்த வாரத்துத் துளை எல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போவீர்கள். துளை மட்டும் நிற்கட்டும், நான் வந்து போடறேன் என்று சொல்லி அனுப்புவீர்கள். என் கதவுகளுக்கு அந்தத் தெருவில் இருந்த பேர் அப்படியே இருந்தது.

எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து. சாப்பாடு முடிந்து வெற்றிலை போட உட்கார்ந்தால் பிள்ளைகள் அந்தக் கதையைச் சொல்லச் சொல்லிப் பிய்த்தெடுப்பார்கள். நான் எழுந்து நின்று நடித்தே காட்டுவேன். நீங்கள் அரத்தோடு குனிந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒவ்வொரு துளையாக நேராக்குவதை. உங்கள் சம்பந்திக்கு முன்னாலேகூடச் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நீங்கள் வெற்றிலையை மடித்துக்கொண்டே, இருக்கட்டும் மச்சான் என்பீர்கள்.

நேற்றுக் கதவை இறக்கும்போது உங்கள் பெரியவன் சொன்னான், பட்டை எல்லாம் துருப்பிடித்துப் போல்ட் உதிர்ந்துவிட்டது என்று. அவன் போன பிறகு சும்மா இருக்க முடியாமல் போய் ஒரு மூலையைத் தொட்டேன். இரும்புப் பட்டை பொருக்குப் பொருக்காகக் கையோடு வந்தது. சட்டத்தைப் பிடித்து இழுத்தால் உளுத்த முளை ஒடிந்து, கழுந்து வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன்.

அரம் ராவிய தடம் ஒரு பக்கம் இருந்தது. நான் போட்ட பழைய துளையின் வட்டம் மறுபக்கம் அப்படியே இருந்தது. அது நுனிப்பக்கம் இருந்தது.

எனக்கு முதலில் புரியவில்லை. கழுந்தைத் திருப்பிப் பிடிக்கிறேனோ என்று மாற்றிப் பார்த்தேன். அடுத்த மூலையையும் உருவினேன். அது அடிப்பக்கம், சரியாக இருந்தது. மூன்றாவது மூலை மறுபடியும் நுனிப்பக்கம், அதுவும் அரை நூல் இல்லை, முழுசாக ஒரு நூல். குறித்து வைத்த கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாமல், குருடன் போட்ட மாதிரி போட்டிருக்கிறேன். நாற்பதைத் தாண்டியிருந்த எனக்குக் கிட்டத்துப் பார்வை போயிருக்கிறது. அதை நான் கண்டுகொள்ளவில்லை, நீங்கள் கண்டுகொண்டீர்கள்.

தங்கச்சிக்குப் போன் போட்டேன். கதவைப் பிரித்துப் பார்த்தேன் என்றேன்.

"அவருக்குத் தெரியும்ணா," என்றாள். "எல்லாத் தொளயும் ஒரே பக்கம் தள்ளியிருந்தா, இதுல ஏதோ கணக்கு இருக்குன்னு நான் கைய வச்சிருக்க மாட்டேன், சிலது இப்படி சிலது அப்படி இருந்தா நான் என்னா பண்றதுன்னு சொன்னாரு."

பிறகு ஏன் அன்று தெருவில் அப்படிச் சொன்னார் என்று கேட்டேன்.

"புதுசா வந்தவன் தப்பு பண்ணா ஊரு சிரிச்சிட்டுப் போயிடும். மேஸ்திரிக்குக் கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா ரெண்டு வீட்டு அடுப்பும் அணைஞ்சிடும்னாரு. மச்சான்கிட்ட மட்டும் மூச்சு விடாதன்னு என் கையில அடிச்சி சத்தியம் வாங்கிக்கினாரு. இப்ப நீயே பாத்துட்ட."

நான் போனை வைத்துவிட்டேன்.

மாப்பிள்ளை, அந்தக் கதவை நீங்கள் விறகுக்கு விடாததும், மூலையை என்னைத் தொடவிடாமல் இரும்பை வைத்து மூடியதும், வருஷா வருஷம் பெயின்ட் பூசியதும் ஏன் என்று இப்போது தெரிகிறது. வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த ஜன்னலுக்கு நேராக உட்கார்ந்துகொண்டுதான் உங்களைக் கேலி பேசினேன். ஒரு நாளாவது கோபம் வந்து, போய் அந்தப் பட்டையைக் கழற்றிப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு உங்கள் மேல்தான் கோபமாக வருகிறது. இத்தனை வருஷம் என்னை ஆடவிட்டு வேடிக்கை பார்த்தீர்களே. அந்தக் கோபத்தைக் காட்ட நீங்களும் இல்லை. ராத்திரி சாப்பிடப் பிடிக்கவில்லை. மருமகள் சர்க்கரை ஏறிவிட்டதா என்று கேட்டாள்.

கண்ணாடிக்கு எத்தனையோ தடவை வில்லை மாற்றியாகிவிட்டது. ஃப்ரேம் மட்டும் நீங்கள் மாட்டிவிட்டதுதான், புதுசு வாங்கித் தருகிறேன் என்று மகன் சொல்லியும் விடவில்லை, மூக்குக்குப் பழகிவிட்டது. உங்களுக்கு வாங்கியது சேரவில்லை என்றா சொன்னீர்கள்? அதைப் போட்டுக்கொண்டுதான் நேற்று அந்தத் துளையைப் பார்த்தேன். அதைப் போட்டுக்கொண்டுதான் இதையும் எழுதுகிறேன்.

இப்போது சற்று முன்னால் உங்கள் பெரியவன் போன் செய்தான். கதவைப் பார்த்தீர்களா மாமா, என்ன செய்யலாம், கடைக்காரன் ஒருவன் கேட்கிறான், எடுத்துக்கொண்டு போய்விடட்டுமா என்றான். அவனிடம் எல்லாவற்றையும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது ஒரே சொல்.

"இருக்கட்டும்டா," என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யார் சொல் என்று உறைத்தது. அப்பா மாதிரியே சொல்றீங்க மாமா என்று அவன் சொன்னான்.